மாவுக்கட்டும் சீனக் காதலும்

திருச்சி,
ஆடி முதல் வெள்ளி.

அன்புள்ள மாலா,

நீ பேசாமல் இருப்பது இது எட்டாவது வாரம். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். வித்யா கல்யாணத்துக்கு நான் வராததற்கு நீ இன்னும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் நியாயம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்று நான் சொன்னது பச்சைப் பொய். கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மொட்டைமாடியில் வடாம் பிழியப் போய், சிந்திய கூழிலேயே வழுக்கி விழுந்து, வலது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. நீங்கள் அங்கே கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் நான் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கரண்ட் போன அறையில், உன் வீட்டு அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தேன்.

சுமதியைத் திட்டாதே. சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும், பட்டாணி விஷயத்திலேயே பார்த்தோமே. மண்டபத்தில் நீ அவள் காதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு நீ என்னோடு கொஞ்சம் சீனா வரை வர வேண்டும்.

படுத்த இரண்டாம் நாளே என் புலம்பல் தாங்காமல் நிவி தன் டேபை என் கையில் கொடுத்து, 'ஹிட்டன் லவ்' என்ற சீன சீரியலைப் போட்டுவிட்டுப் போனாள். 2023இல் வந்தது, 25 எபிசோடு. கீழே ஓடும் ஆங்கிலத்தைப் படிப்பதற்குள் ஆள் மாறிவிடுகிறாள், முதல் நாள் தலைவலிதான் மிச்சம். நாலாம் நாள் முடித்துவிட்டு, அடுத்தது என்னடி என்று நானே கேட்டேன். ஹாஸ்டல் டிவி ரூமில் நீயும் சுமதியும் மூக்கை உறிஞ்சும்போது கேலி செய்தவளுக்கு வந்த கதியைப் பார்.

சாங் ஜி என்று ஒரு பெண். அண்ணனின் சிநேகிதன் துவான் ஜியாஷூமேல் பள்ளிக்கூடத்துப் பருவத்திலேயே ஆசை. அவன் அவளைச் சின்னப் பிள்ளையாகத்தான் நடத்துகிறான், அவள் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கதை திரும்புகிறது. அந்த முதல் பகுதி எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, பெண்ணைப் பெற்றவள் இல்லையா. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி மனதில் ஆசை முளைவிடுவதை இவர்களைப்போல அவசரமே இல்லாமல் காட்ட நான் பார்த்ததில்லை. தொட மாட்டார்கள், பாட்டுப் பாட மாட்டார்கள், பத்து எபிசோடுக்கு 'பிடிச்சிருக்கு' என்று ஒரு வார்த்தை வராது. அவன் அனுப்பிய ஒரு செய்திக்கு என்ன பதில் போடுவது என்று அவள் யோசிப்பதிலேயே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்புறம் வரிசையாகப் பார்த்துத் தள்ளினேன். குப்பையும் நிறைய பார்த்தேன். பணக்கார முதலாளி, முகத்தில் சிரிப்பே கிடையாது, நாயகி ஒருத்தியிடம் மட்டும் உருகுவான். இந்த வகை ஆளுக்கு சீனாவில் தனிப் பெயரே இருக்கிறதாம், அதிகாரம் பண்ணும் தலைமை அதிகாரி என்று அர்த்தம் வரும்படி. அவள் தடுக்கி விழுவாள், அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்குவான், அதை மூன்று பக்கத்திலிருந்து மெதுவாகக் காட்டுவார்கள். கணுக்கால் சுளுக்கினால் போதும், உடனே முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவான். எனக்குச் சுளுக்கு இல்லை மாலா, எலும்பே போனது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, 'அசையாதே, ஆட்டோ கூட்டிட்டு வரேன்' என்று கீழே இறங்கிப் போனவர், செருப்பைக் காணோம் என்று திரும்பி வந்தார்.

இன்னொரு கூத்து கேளேன். சீனர்கள் சீன மொழியிலேயே நடித்த சீரியலுக்கும் பல சமயம் வேறு ஆள்தான் குரல் கொடுக்கிறார். நடிகர்களின் ஊர் உச்சரிப்பு, படப்பிடிப்புத் தளத்துச் சத்தம் என்று காரணங்கள். பியான் ஜியாங் என்று ஒருவர், எத்தனையோ நாயகர்களுக்கு அவர் குரல்தான். வாயசைவு தப்பாமல் இருந்தாலும், மனதை உலுக்க வேண்டிய இடத்தில் குரல் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும். நிவிக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இவர்கள் முக்கால் கதையை அழகாகக் கட்டிக்கொண்டு வந்து, கடைசிக் காலில் போட்டு உடைப்பார்கள். உடைக்கும் சுத்தியல் எப்போதும் ஒன்றுதான். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டார். ஏன்? அவள் நன்மைக்காக!

'எடர்னல் லவ்' என்று 2017இல் வந்தது, 58 எபிசோடு. தேவலோகத்துக் கதை. யே ஹுவா தேவலோகத்து இளவரசன். சூ சூ பூமியில் அவன் கட்டிக்கொண்ட பெண். அவளை மேலே கொண்டுபோகிறார்கள். அவள்மேல் ஆசை என்று தெரிந்தால் தாத்தா அவளை ஒழித்துவிடுவார் என்று பயந்து, அவள்மேல் பிரியமே இல்லாத மாதிரி நடிக்கிறான். நடிப்பு என்று அவளுக்குச் சொல்லவில்லை. விளைவு என்ன தெரியுமா? பொய்ப்பழி சுமந்து, அவன் கையாலேயே கண்களை இழந்து, பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு, தேவர்களைத் தண்டிக்கும் மேடையிலிருந்து குதித்துவிடுகிறாள். நான் அழுத அழுகையில் மாமியார் எழுந்து வந்து, கால் வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நீட்டினார். அழுதது உண்மைதான். ஆனால் அழுது முடித்ததும் கோபம் வந்தது. ராத்திரி படுக்கும்போது காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையே இல்லையேடா பாவி! அதற்கப்புறம் 300 வருஷம் காத்திருந்து என்ன புண்ணியம்?

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்று உண்டு. இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்த நாவல்கள். ஜின்ஜியாங் என்று 2003இல் தொடங்கிய ஒரு தளம், பெண்கள் எழுதிப் பெண்கள் படிப்பது, அங்கிருந்து மட்டும் எத்தனையோ கதைகள் சீரியலாகியிருக்கின்றன. நாளைக்கும் ஆள் வந்து படிக்க வேண்டும் என்றால் இன்றைக்கு ஒரு முடிச்சைப் போட்டு வைக்கத்தான் வேண்டும். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை புத்திதான். 2020இல் அரசாங்கமே, 40 எபிசோடுக்கு மேல் போகாதீர்கள், 30க்குள் முடித்தால் இன்னும் நல்லது என்று சொல்லிப் பார்த்தது. அதற்கு முன்னால் 60, 70 என்று சர்வசாதாரணமாகப் போகும். அதற்குப் பிறகும் 2022இல் 'லவ் லைக் த கேலக்ஸி' வந்தது. 27, 29 என்று இரண்டு பாகம், சீனத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். கூட்டிப் பார், 56. கெட்டிக்காரர்கள்.

ஆனால் இந்த 'கேலக்ஸி'யைப் பற்றித்தான் உன்னோடு பேச வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். செங் ஷாவ்ஷாங் என்ற பெண்ணைக் கைக்குழந்தையாக வீட்டில் விட்டுவிட்டு அப்பா அம்மா போர்முனைக்குப் போய்விடுகிறார்கள். பாட்டியும் சித்தியும் வளர்த்த லட்சணத்தில் அவள் படிப்பில்லாத முரட்டுப் பெண்ணாக நிற்கிறாள். அம்மா திரும்பி வருகிறாள், மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, திருத்தப் பார்க்கிறாள். ஒரு எழுதும் மேசைக்காக ஒரு சண்டை வரும். தப்பு சித்தி மகளின் வேலைக்காரி பக்கம். அம்மா பெற்ற மகளைத்தான் கண்டிக்கிறாள், அடுத்தவர் பிள்ளைக்கு ஓரவஞ்சனை செய்ததாக ஆகிவிடக் கூடாதே! அந்த அம்மாவைக் கெட்டவள் என்று தள்ளவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. சீனர்கள் இதில்தான் மன்னர்கள். காதலைவிட, காதலைச் சுற்றியிருக்கும் வீட்டை அவர்கள் நன்றாக எழுதுகிறார்கள். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. உனக்கும் உன் பெரியம்மா ஞாபகம் வரும், பார்.

லிங் பூயி அவளுக்கு நிச்சயமான தளபதி. உயிரையே கொடுப்பவன்தான். ஆனால் தன் குடும்பத்தை அழித்தவனைப் பழிவாங்கும் திட்டத்தைக் கல்யாணம் நெருங்கும்வரை அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் எல்லாம் வெடிக்கிறது. சிறுவயதில் விட்டுவிட்டுப் போனவர்களை மறக்காத பெண்ணை இவனும் விட்டுவிட்டான். அடடா, மறுபடியும் அதே சுத்தியலா என்று டேபைத் தூக்கி எறியப் போனேன். ஆனால் இந்த ஒரு சீரியலில் அந்தப் பெண் அதையே கேள்வியாக்கிவிடுகிறாள். பழிவாங்கியதற்காக அவளுக்குக் கோபமில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை, எனக்காக நீ எப்படி முடிவு செய்யலாம் என்பதுதான் கோபம். ஐந்து வருஷம் அந்தக் கோபம் தணியவில்லை. மற்றவர்கள் கதையை நீட்டப் பயன்படுத்தும் மௌனம், இங்கே கதைக்கே பொருளாகிவிட்டது. திரும்பச் சேர்வதை மட்டும் அவசரத்தில் முடித்துவிட்டார்கள், அதில் எனக்குக் குறைதான்.

நான் இவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் நிவி கஞ்சி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவனாவது போருக்குப் போனான். நீ வடாம் பிழியப் போனே. மாலா அத்தைகிட்ட சொன்னியா நீ?"

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது 'மிங்லானின் கதை'. 2018 கடைசியில் ஆரம்பித்தது, 73 எபிசோடு, சோங் வம்சக் காலத்து வீடு. இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பாதி கடந்துதான் கல்யாணமே வருகிறது, நிஜமான காதல்கதை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. மிங்லான் சின்ன மனைவியின் மகள், அம்மா பிரசவத்தில் போய்விட, பாட்டியிடம் வளர்ந்தவள். புத்தியை வெளியே காட்டாமல் பிழைக்கக் கற்றுக்கொண்டவள். கு டிங்யேவைக் கட்டிக்கொண்ட பிறகும் அப்படித்தான். வீட்டுக் கணக்கு, வேலையாட்கள், மாமியார் தந்திரம் எல்லாவற்றையும் குறையில்லாமல் சமாளிப்பாள், மனதை மட்டும் திறக்க மாட்டாள். அதுதான் அவனுக்கு வருத்தம். அந்தச் சண்டையை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

இதன் சீனத் தலைப்பு ஒரு பழைய கவிதையிலிருந்து வந்தது. லீ சிங்ஜாவ் என்ற பெண் கவி, அவளும் சோங் காலத்தவள்தான். ராத்திரி காற்றும் மழையும். விடிந்ததும், திரையைச் சுருட்டும் பணிப்பெண்ணிடம் பூமரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். 'அப்படியேதான் இருக்கிறது' என்கிறாள் அவள். உனக்குத் தெரியவில்லையா, இலை கொழுத்துப் பூ மெலிந்திருக்குமே என்கிறாள் இவள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நீ போனில், "எல்லாம் நல்லா இருக்குதானே? குரல் என்னமோ போல இருக்கே" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? 'அப்படியேதான் இருக்கேன், வேலைதான் ஜாஸ்தி.'

சொல்லியிருந்தால் நீ பந்தக்கால் நட்ட வீட்டை விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பாய். மாட்டேன் என்று சொல்லாதே, என் அப்பா போனபோது பரீட்சையை விட்டுவிட்டு வந்தவள் நீ. அதனால்தான் சொல்லவில்லை. உன் நன்மைக்காகத்தான். எழுதிப் பார்க்கும்போது எனக்கே லிங் பூயி வசனம் மாதிரி இருக்கிறது.

கட்டுப் பிரித்த வாரம் 'மீட் யுவர்செல்ஃப்' என்று ஒன்று பார்த்தேன். 2023, யுன்னான் மாகாணத்தில் டாலி என்ற ஊரில் நடப்பது. சண்டை, சூழ்ச்சி எதுவும் கிடையாது. ஒரு கிராமம், மலை, காற்று, நல்ல மனிதர்கள், அவ்வளவுதான். சிலருக்குத் தூக்கம் வரும். நான் 40 எபிசோடையும் உட்கார்ந்து பார்த்தேன். நாயகி ஓட்டலில் ஓடி ஓடி வேலை பார்ப்பவள். உயிர்ச் சிநேகிதி ஒருத்தி உண்டு. அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்த ஊர் அது. சிநேகிதி கணையப் புற்றுநோயில் போய்விடுகிறாள். இவள் தனியாக அங்கே போகிறாள். இதெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். நிறுத்திவிட்டு, உன் நம்பரை எடுத்தேன். அடிக்கத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாக்கரை விட்டுவிட்டேன், கைத்தடியோடு நடக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்ததும் கோவைக்கு வருகிறேன். வித்யாவும் மாப்பிள்ளையும் எப்போது அங்கே இருப்பார்கள் என்று மட்டும் எழுது. அவளுக்கு எடுத்த புடவை இன்னும் பீரோவில் கிடக்கிறது. நீ திட்ட வேண்டியதை அதுவரை சேர்த்து வை, போனில் சில்லறையாகச் செலவழிக்காதே. மிங்லானை இப்போதே ஆரம்பி, ஆனால் அவள் கல்யாணம் வந்ததும் நிறுத்திவிடு. மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.

உன்
விஜி

பி.கு.: வடாமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் கொண்டுவருகிறேன்.