கெடிலக்கரைக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? வெள்ளிக்கிழமை பணம் அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் போனில் "கோயிலுக்காவது போறியாடா?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

போகிறேன் அக்கா. லீவு நாளில் தேக்கா பக்கம் போனால் வீரமாகாளியம்மன் கோயிலில் தூண் ஓரமாக நின்றுவிட்டு வருவேன். கை மட்டும் குவிவதில்லை. அப்பா போனதிலிருந்து அப்படித்தான்.

இன்று வாட்டர்லூ தெருவுக்குப் போனேன். அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சீனப் பாட்டி, கூடையில் தாமரை மொட்டு, ஊதுபத்தியை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்துக் கிருஷ்ணனுக்கு மூன்று முறை குனிந்தார். அப்புறம் அப்படியே குவான் இம் கோயிலுக்கு நடந்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

அப்பா வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த பதினோரு நாளும் நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 'கூற்றாயினவாறு' பாடினாய். நம் திருவதிகையில் அப்பரின் சூலை நோயைத் தீர்த்த பாட்டு. அப்பருக்குத் தீர்ந்தது; அப்பாவுக்குத் தீரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டின்மேலேயே எனக்குக் கோபம்.

போன மாதம் விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தில் தேவாரம் கையில் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். எமனாக வந்த நோயை விலக்கமாட்டேன் என்கிறீரே என்றுதான் ஆரம்பமே. அடுத்து, 'கொடுமைபல செய்தன நான் அறியேன்'. குடல் முறுக்குகிறது, 'ஆற்றேன்' என்கிறார். இத்தனை வருஷம் ராகத்தோடு கேட்டதில் அந்தச் சண்டை என் காதில் விழவே இல்லை. சமணத்தில் பல காலம் இருந்துவிட்டு, வலி தாங்காமல் தன் அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்த மனுஷனின் குரல் அது. அலமாரி ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வள்ளுவரும் அப்படித்தானே? பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று 1062-ஆம் குறளில் சாபமே விடுகிறார். இங்கே தமிழ் முரசை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி பெரியார் வழி வந்தவர். காலையில் எம்ஆர்டி ரயிலில் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறேன். அதே பையில் இப்போது தேவாரமும் இருக்கிறது. இரண்டையும் இறக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரியில் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பரைப் பற்றி இல்லை, திலகவதியாரைப் பற்றி. பேசி முடித்த மாப்பிள்ளை போரில் போய்ச் சேர, தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர். அந்தத் தம்பியும் வேறு வழி போன பிறகு தினமும் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தவர். கையில் விளக்குமாற்றோடு அவர் வாசலில் நிற்கிற இடம் வரை வந்துவிட்டேன். அதற்குமேல் அவர் மனசில் என்ன ஓடியது என்று எழுத வரவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வந்ததா? அப்பா போன பிறகு நீ அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்கவே இல்லை. போனில் வேண்டாம், எழுது.

உன் தம்பி