மோட்டாயேல் தேவாலயத்தை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசியான் அமைப்பில் 11வது நாடாகக் கிழக்குத் திமோர் சேர்ந்ததையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஐ.நா., இந்தோனேசியாவிடமிருந்து பிரிவதா என்று கேட்ட 1999 வாக்கெடுப்பு, விடுதலைத் தலைவர் ராமோஸ் ஹோர்த்தா எல்லாம் இருந்தது. தலைநகர் டிலியின் கடற்கரையோரம் நிற்கும் மோட்டாயேல் கத்தோலிக்க தேவாலயத்துக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

1991 அக்டோபரில், நாட்டைப் பிடித்து வைத்திருந்த இந்தோனேசிய ராணுவத்துக்குப் பயந்த விடுதலை ஆதரவு இளைஞர்கள் சிலர் அங்கேதான் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 28ஆம் தேதி அதிகாலை நடந்த மோதலில் செபஸ்தியாவோ கோமெஸ் என்ற இளைஞர் அங்கு சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 12 அன்று அவருக்காகத் திருப்பலி. அது முடிந்து சாந்தா குரூஸ் கல்லறைக்கு ஊர்வலமாகப் போனவர்களை இந்தோனேசிய ராணுவம் சுட்டுத் தள்ளியது. இறந்தவர்கள் 250க்கும் மேல் என்கிறார்கள். பத்திரிகையாளர் மேக்ஸ் ஸ்டால் தான் எடுத்த வீடியோ டேப்பைக் கல்லறையிலேயே புதைத்து வைத்து, பிறகு எடுத்தார். அது வெளிநாட்டுக்குப் போன அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

1975இல் இந்தோனேசியா படையெடுத்தபோது அங்கே கத்தோலிக்கர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அங்கீகரித்த மதம் ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றது ஜகார்த்தாவில் இருந்த இந்தோனேசிய அரசு. மூதாதையர் வழிபாட்டில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்சபைக்கு வந்தார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழி என்றால், பூசையில் அவர்களுடைய தேத்தும் மொழி. ராணுவத்தின் பிடிக்குள் முழுதாக வராத அமைப்பும் அது ஒன்றுதான். டிலி மறைமாவட்டத்தை இந்தோனேசிய ஆயர் பேரவையோடு சேர்க்காமல் வத்திக்கான் தன் நேரடிப் பொறுப்பில் வைத்திருந்தது.

அதற்காக ரோமை ரொம்பப் புகழ வேண்டாம். துணிந்தது உள்ளூர்த் திருச்சபை. வாக்கெடுப்பு வேண்டும் என்று 1989இல் ஐ.நா. பொதுச்செயலருக்குக் கடிதம் எழுதியவர் டிலி மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்த ஆயர் பெலோ. 1996இல் ஹோர்த்தாவோடு நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. பின்னாளில் சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகப் புகார் எழுந்து, வத்திக்கானே அவர்மீது கட்டுப்பாடு விதித்தது. எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, இடம் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாக்கெடுப்பைப் பற்றி அவ்வளவு எழுதியவர், முடிவு அறிவித்த இரண்டாம் நாளே சுவாய் நகரின் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களையும் மூன்று குருக்களையும் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் கும்பல் கொன்றதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த இதழில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி