வைர நகைகளை வாடகைக்குத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கல்யாணத்துக்கும் விசேஷங்களுக்கும் வைர நகைகளை வாடகைக்குத் தருகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். நீங்கள் கொடுத்தனுப்பும் நெக்லஸையும் தோட்டையும் மாட்டிவிடுவது நான்தான், விழா முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைப்பதும் பெரும்பாலும் நான்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். நகை திரும்பி வரும்போது லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கல் கல்லாகப் பார்க்கிறீர்கள் அல்லவா? கொடுக்கும்போதும் அப்படியே பாருங்கள். எடுத்துப் போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகை நகையைக் குறைவாக நினைக்கிறவள் இல்லை நான். ஒரே ஒரு நாள் அணியப்போகும் நகைக்காக வருடக்கணக்கில் கடன் கட்டுவதைவிட, வாடகைக்கு எடுத்து ஆசைதீரப் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுப்பது எவ்வளவோ மேல். இரவல் நகையில் மணமேடை ஏறுவதில் அரச குடும்பமே தயங்கியதில்லை. 2011இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமைக் கைப்பிடித்த கேத்தரின் அணிந்திருந்த வைரத் தலையணி, அரசி எலிசபெத் இரவல் கொடுத்தது. அந்த அரசியே 1947 நவம்பர் 20 அன்று தன் கல்யாணத்துக்குப் போட்டிருந்த தலையணியும் அம்மாவிடம் வாங்கியதுதான். அன்று காலை அதைத் தலையில் வைக்கும் நேரத்தில் அதன் சட்டம் உடைந்துவிட்டது. அவசர அவசரமாகப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, நேரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1919இல் செய்த நகை அது. உலோகம் களைத்துப்போய் ஒரு நாள் விட்டுப்போவது நகைக்கு இயல்பு. அன்று அதை அணிய இருந்தவர்மேல் அந்தப் பழியைப் போட முடியுமா?

உங்கள் கடைகளில் போடுகிறார்கள். நான் அலங்கரித்த ஒரு பெண், வாடகைக்கு எடுத்த நெக்லஸைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுக்கும்போது பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, பையில் போட்டுத் தந்தவர்கள், வாங்கும்போது விளக்கைப் போட்டு லூப்பை எடுத்தார்கள். நடுவில் தொங்கும் துளி வடிவக் கல்லின் கூர்முனையில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவளுடைய டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சில்லு அவள் கழுத்தில் இருந்தபோதுதான் போனதா, அதற்கு முன் போட்டவரிடமா, கல்லைப் பதித்த அன்றேவா? கடைக்காரருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் பணம் கட்டியது அவள்.

வைரம் கெட்டியானது, அதற்கு எதுவும் ஆகாது என்று ஊரெல்லாம் நம்புகிறது. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அதற்குப் பத்துக்குப் பத்து என்பது கீறலைத் தாங்குவதில் மட்டும்தான். அடியைத் தாங்குவது வேறு கணக்கு. வைரப் படிகத்தில் பிளவு எளிதாகப் போகிற திசைகள் நான்கு இருக்கின்றன. அந்தத் திசையில் சுருக்கென்று ஒரு தட்டு விழுந்தால் சில்லு பெயரும். துளி வடிவத்தின் முனை, பிரின்சஸ் கட் எனப்படும் சதுர வெட்டின் மூலைகள், கல்லின் நடுவைச் சுற்றி ஓடும் இடுப்பு விளிம்பு மெல்லிதாக இருக்கும் இடங்கள், இங்கேதான் அது அதிகம் நடக்கிறது. கல்லைப் பதிக்கும்போது, அதைப் பிடித்திருக்கும் உலோகக் கொக்கியை அழுத்துகிற அழுத்தத்திலேயே விளிம்பு பெயர்ந்து, அந்தக் கொக்கிக்கு அடியிலேயே மறைந்து கிடப்பதும் உண்டு. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பால பாடம். கல்யாணப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்தவர் தெரியாதவரிடம் பொருளைக் கொடுக்கும்போது, பார்க்கிற பொறுப்பு தெரிந்தவருக்குத்தான் அதிகம்.

கல் கழன்று விழும் விஷயத்துக்கு வருகிறேன். டெபாசிட் சண்டைகளில் எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். கொக்கியின் நுனி ஒவ்வொரு முறை அணியும்போதும் துளித்துளியாகத் தேய்கிறது. வலைத்துணியிலோ லேஸிலோ அது மாட்டும்போது, நூலோடு சேர்ந்து நுனி லேசாக மேலே எழும்பும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். கல் தன் குழியில் ஆட ஆரம்பிக்கும். அந்த நகையைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டினால் கிணுகிணு என்று ஒரு சத்தம் கேட்கும். கட்டு இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது. நான் மாட்டிவிடும் முன் ஒவ்வொரு நகையையும் இப்படித் தட்டிப் பார்க்கிறேன். உங்களிடமிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நகைகளிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு சென்ட், அதாவது காரட்டில் நூறில் ஒரு பங்கு, எடையுள்ள வட்டக் கல் சுமார் 1.3 மில்லிமீட்டர் அகலம்தான். அப்படிப்பட்ட கற்கள் வரிசையாகப் பதித்த காப்பில் ஒன்று உதிர்ந்தால், மண்டபத் தரையில் தேடி எடுக்க முடியுமா? எத்தனையோ பேர் அணிந்து தேய்ந்த கொக்கி, கடைசியாக அணிந்தவரிடம் விட்டுப்போனால் அது அவர் செய்த சேதம் ஆகாது. அது உங்கள் தொழிலின் தேய்மானம், வாடகையிலேயே அடங்கியது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் கொக்கிகளைச் சரிபார்த்து இறுக்குவது உங்கள் செலவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், மங்கல். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அப்படி ஒரு ஒட்டுதல். சுரங்கங்களில் சரளைக் கல்லிலிருந்து வைரத்தைப் பிரித்தெடுக்க மசகு தடவிய மேசைகளைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்தால்தான். ஃபவுண்டேஷன், ஹேர் ஸ்ப்ரே, வியர்வை எல்லாம் படிந்து நகை ஒளி குறைந்து திரும்புவது சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெல்லிய பிரஷ் போதும், பழையபடி மின்னும். (கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து மூடிய கட்டு என்றால் தண்ணீரே ஆகாது. அதை நீங்கள்தான் முதலிலேயே சொல்ல வேண்டும்.) இதைச் சேதக் கணக்கில் எழுதாதீர்கள். இன்னொன்று, நெக்லஸையும் காப்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். வைரத்தைக் கீறுவது இன்னொரு வைரம்தான்.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. போன கல்லே திரும்பி வந்ததா என்ற பயம். வைரம் போலவே தெரியும் மாய்ஸனைட் என்ற வேறு கல்லை வைத்தால், கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் அளக்கிற சாதாரண டெஸ்டர் அதையும் வைரம் என்றே காட்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கார்பன்தான், கையில் பிடிக்கிற அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. இந்தப் பயத்துக்கும் நான் கேட்கிற அதே தாள்தான் மருந்து. பெரிய கற்களைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் புள்ளியும் இறகு போன்ற கோடும் கைரேகை மாதிரி, ஒரு கல்லில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. மாய்ஸனைட் என்றால் லூப்பில் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். போகும்போது எடுத்த படம் இருந்தால் வரும்போது யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் திருட வந்தவர் போல நடத்துகிற கடைகளுக்கு நானே போயிருக்கிறேன். கல்யாணச் சந்தோஷத்தோடு வருகிறவளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தாளில் கல் எது என்பதும் இருக்கட்டும்: பூமியில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்ந்ததா, வைரமே இல்லாத வேறு கல்லா. எதுவாக இருந்தாலும் தப்பில்லை, சொல்லிக் கொடுங்கள். சான்றிதழைக் காட்டுகிறீர்கள். சரி, ஆனால் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள் தரச் சான்று கொடுப்பது நகையில் பதிக்காத தனிக் கல்லுக்கு. அந்தச் சான்றிலுள்ள கல்தான் இந்த நகையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த எண் இருந்தால் அதையும் லூப்பில் காட்டுங்கள். பதித்த நிலையில் கணக்கிட்ட எடை என்றால் அது உத்தேசம் என்றே எழுதுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று கவுன்ட்டரில் சொல்வது போதாது. ஆளில்லாத காரிலிருந்து திருடு போனால் உண்டா? எங்கே விழுந்தது என்றே தெரியாமல் தொலைந்தால் உண்டா? பல பாலிசிகளில் இவை இரண்டுக்கும் பணம் வராது. எதற்கு வரும், எதற்கு வராது, வராதபோது வாடிக்கையாளர் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பெரிய எழுத்தில், முன்கூட்டியே, ஒரு தொகையாகக் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, விழா நாளுக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும். மறுமுனையில் நகை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு கொக்கி எழும்பி நிற்பதைப் பார்க்கிறேன் என்று வையுங்கள். அழுத்திவிடலாமா, கழற்றி வைத்துவிடவா, மாற்று நகை வருமா? இப்போது அழைத்தால் அலுவலக நேரத்தில் அழைக்கவும் என்று ஒரு பதிவுக் குரல்தான் பேசுகிறது. கல்யாணங்கள் உங்கள் அலுவலக நேரத்தில் நடப்பதில்லை. அந்த எண்ணையும் அதே தாளில் மேலேயே எழுதிக் கொடுங்கள். உங்கள் நகைக்கு நல்லது என்று நினைத்து நான் கழற்றி வைத்தால், அணியாத அந்த நகைக்கு வாடகை உண்டா இல்லையா என்பதையும் அதற்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒருத்தி