ராப் ஹோவெல்லையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்பகால இங்கிலாந்து கால்பந்து என்றாலே ஷெஃபீல்டு யுனைடெட்டின் கோல்கீப்பர் பில் ஃபோல்க்கைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 6 அடிக்கு மேல் உயரம், பெரிய தொந்தி, யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் அவருக்கு முன்னால் நின்று பந்தை மறித்த குள்ளமான ஹாஃப் பேக் (நடுக்கள ஆட்டக்காரர்) ராப் ஹோவெல்லை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹோவெல் ரோமானி (ஜிப்சி) இனத்தவர். ஷெஃபீல்டு பக்கத்துக்காரர். ஊர் ஊராக வண்டி கட்டிப் போன அந்த மக்களை மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1895-இல் டெர்பி நகரில் இங்கிலாந்துச் சட்டை போட்டு இறங்கினார். அயர்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து அடித்த 9 கோல்களில் ஒன்று அவருடையது! அப்புறம் 1899-இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இன்னொரு ஆட்டம், அவ்வளவுதான். இடையில் 1898-இல் ஷெஃபீல்டு யுனைடெட்டை விட்டு லிவர்பூல் அணிக்குப் போனார். கடைசியில் பிரஸ்டன் அணிக்கு ஆடும்போது கால் முறிந்தது. ஆட்ட வாழ்க்கையும் அதோடு சரி.

ஃபோல்க்கின் எடையைப் பற்றிப் பத்திப் பத்தியாக எழுதுகிறார்கள். ஹோவெல்லுக்கு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்