தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று கேட்காதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மலர்விழிக்கு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். "ஆலை விபத்தில் எல்லாம் எரிந்து சாம்பலான பிறகு, விசாரிக்கப் போகிற நீங்கள் அங்கே எதைத்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை இப்போதுதான் கேட்கத் தோன்றியதா உனக்கு?

எல்லாமே எரிந்துவிடாது. இரும்பு நிறையச் சொல்லும். வெடித்த குழாயின் விளிம்பு மெலிந்து இழுபட்டிருந்தால், அது முதலில் உப்பி, பிறகு கிழிந்திருக்கிறது. கண்ணாடி மாதிரி தட்டையாக முறிந்திருந்தால் கதையே வேறு. வால்வு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது பல வால்வுகளில் அதன் தண்டு நிற்கும் உயரத்திலேயே தெரியும். மீட்புப் பணி முடிந்ததும் இடத்தைச் சுத்தம் பண்ண வருபவர்களோடுதான் எங்கள் முதல் சண்டை. யாராவது நல்லெண்ணத்தில் ஒரு வால்வைத் திருகி மூடிவிட்டால், அந்தச் சாட்சி போயே போச்சு. கணினிப் பதிவுகளையும் நம்ப முடியாது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். கையோடு நகல் எடுத்துவிட வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "தீப்பொறி எங்கிருந்து வந்தது?" எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. தொழிற்சாலையில் பொறிக்கா பஞ்சம்? மோட்டார், வெல்டிங், சூடேறிய பேரிங், நிலைமின்சாரம், எதுவும் போதும். எரியக்கூடியது அங்கே எப்படி வந்து சேர்ந்தது? அதைத்தான் தோண்ட வேண்டும்.

2005 மார்ச் 23-ல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்தார்கள். எண்ணெயைப் பிரிக்கும் கோபுரம் ஒன்று, உயரம் 170 அடி. உள்ளே திரவம் 158 அடிக்கு ஏறியிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் அளவு 8 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே இருப்பதாகக் காட்டியது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. வழிந்த திரவம் புகைபோக்கி மாதிரி மேலே திறந்திருந்த ஒரு பழைய குழாய் வழியாக வெட்டவெளியில் பீறிட்டது. பக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டி பற்றவைத்திருக்கலாம் என்றார்கள். வண்டி ஓட்டியவரைப் பிடித்துக்கொண்டால் விசாரணை அன்றைக்கே முடிந்திருக்கும். விசாரித்த அமெரிக்க அரசின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அதோடு நிற்காமல் மேலே போனது. அந்தப் பிரிவை இயக்கியவர்கள் 12 மணி நேர ஷிப்டில் 29 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை பார்த்திருந்தார்கள். இறந்தவர்கள் அந்தக் கோபுரத்தை இயக்கியவர்கள்கூட இல்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்? அப்படிப்பட்ட கேள்விதான் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று, மலர்விழி கட்டாயம் படிக்க வேண்டியது. 2008 பிப்ரவரி 7, ஜார்ஜியா மாநிலம், போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலை. 14 பேர். வெடித்தது சர்க்கரைத் தூசி! கன்வேயர் பட்டையில் போகும் சர்க்கரையில் அழுக்கு சேரக் கூடாது என்று முந்தைய வருஷம் அந்தப் பட்டையைச் சுற்றித் தகடு போட்டு மூடினார்கள். காற்றோட்டத்துக்கு வழி வைக்கவில்லை. உள்ளே தூசி வெடிக்கும் அளவுக்கு அடர்ந்தது. பேரிங் ஒன்று சூடேறிப் பற்றவைத்திருக்கலாம். முதல் வெடிப்போடு நின்றிருந்தால் சேதம் குறைவு. அந்த அதிர்ச்சியில் தரையிலும் உத்தரங்களிலும் வருஷக்கணக்கில் படிந்திருந்த தூசி கிளம்பி அடுத்தடுத்து வெடித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத படலம் பரவலாக இருந்தாலே ஆபத்து. தரையைத் தினமும் பெருக்குவார்கள், தலைக்கு மேலே யார் பார்க்கிறார்கள்? சர்க்கரைத் தூசி வெடிக்கும் என்பது அந்தத் தொழிலுக்கு 1925 வாக்கிலிருந்தே தெரிந்த விஷயம். அதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

"தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற ஒரு வரியில் முடியும் அறிக்கையைப் பார்த்தால் கிழித்துப் போடலாம் போல இருக்கும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை, அந்தத் தைரியம். மேலே சொன்ன வாரியத்துக்கு அபராதம் போடும் அதிகாரமே கிடையாது. அது நல்லதுதான் என்பேன். தண்டனைக்குப் பயந்தால் தப்பிப் பிழைத்தவர் வாயே திறக்கமாட்டார். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "காலையில் வந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டால் போதும், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வர நாளாயிற்று, உனக்குத்தான் என் வாய் தெரியுமே.

அப்புறம், இங்கே எல்லாரும் நலம். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி நீ சின்ன எழுத்தில் எழுதினாலும் படித்துவிடுவேன்.

மலர்விழி சேர்ந்ததும், பழுதாகிக் கிடக்கும் அலாரங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றும் எத்தனை நாளாக அப்படிக் கிடக்கிறது என்பதையும் கேட்டு வாங்கச் சொல். கொடுக்கத் தயங்கினால் எனக்கு எழுதச் சொல், அடுத்து என்ன கேட்பது என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு