இடுப்பு மூட்டு மாற்றிய முதியோரின் வலிக்கு வீட்டிலும் கவனிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த முதியவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து, பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். வீடு திரும்பிய பின் அவர்கள் படும் வலியைத்தான் கவனிப்பார் இல்லை.

பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று பல பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடக்கிறார்கள். அப்படிக் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். நிமோனியாவும் படுக்கைப்புண்ணும் வரலாம். தீராத வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து, பகல் எது இரவு எது என்று தெரியாத மனக்குழப்பத்தில் சிலரைத் தள்ளிவிடுவதும் உண்டு.

வலி பொறுக்காதபோது வீட்டார் மருந்துக்கடைக்கு ஓடி, அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் இரண்டு வலி மாத்திரைகளை வாங்கி வருகிறார்கள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர்கூட முழுதாக இருப்பதில்லை. அது டைக்ளோஃபினாக்காக இருந்து, அந்த முதியவர் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், சிறுநீரகம் பழுதாகவும் வயிற்றில் இரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. டிரமடால் என்ற வலி மாத்திரையாக இருந்தால் தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் தரலாம். தலைசுற்றி விழுந்தால் புதிய மூட்டே விலகிவிடலாம். 'காய்ச்சல் மாத்திரைதானே' என்று பலர் ஒதுக்கும் பாராசிட்டமாலை, உடல் எடையையும் கல்லீரல் நிலையையும் பார்த்து மருத்துவர் சொன்ன அளவில் வேளை தவறாமல் கொடுத்தாலே பலருக்கு வலி பெருமளவு கட்டுக்குள் இருக்கும். பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் காலை நீட்டி மடக்கவும் துணிச்சல் வரும்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூட்டு மாற்றிய முதியவர்களின் பெயர்களை, அவர்கள் வீடு திரும்பும் அன்றே மருத்துவமனைகள் அந்தத் திட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்; வலியின் அளவைக் கேட்டுக் குறிப்பதையும் அந்தக் குழுவின் பணியில் சேர்க்க வேண்டும். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குத் தர வேண்டும், எதைக் கடையில் வாங்கவே கூடாது, கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று வலி கூடிக் கால் குட்டையாகத் தெரிந்தாலோ யாரை அழைக்க வேண்டும் என்பவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டுடன் தர மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்