கீழ்த்தளத்துக்கு முதலில் இறங்கும் ரோபோவுக்காக ஒரு நன்றி மடல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் எல்லோருக்கும், புறக்கோட்டையில் எனக்கு உதவியவர்களுக்கும் வணக்கம்.

இரவில் கீழே ஏதாவது சத்தம் கேட்டால் எங்கள் காவலாளி ஐயா கையில் டோர்ச்சோடு தனியே வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்குவார். அவருக்கு முன்னால் ஒரு கண் போகட்டும் என்றுதான் இந்தக் கண்காணிப்பு ரோபோவைத் தொடங்கினேன். கடந்த வாரம் அது முழுச் சோதனையிலும் தேறிவிட்டது.

முதல் நன்றி முதலாம் குறுக்குத் தெருவில் ரேடியோ திருத்தும் பெரியவருக்கு. சக்கரம் சுழலத் தொடங்கியதும் கமராப் படம் அறுந்து, ரோபோவின் மூளையான ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்று வாரம் நிரலில் பிழை தேடினேன். அவர் நிரலைப் பார்க்கவே இல்லை. பழைய ஊசி மீற்றரை 5 வோல்ட் கம்பியில் வைத்து, "இப்ப ஓட்டு தம்பி" என்றார். மோட்டர் இழுத்த கணத்தில் ஊசி சடாரென்று விழுந்தது. இரண்டு 18650 லித்தியம் பற்றரிகளே மோட்டருக்கும் மூளைக்கும் சேர்ந்து சக்தி கொடுத்ததுதான் கோளாறு. "மூளைக்குத் தனிப் பற்றரி குடு, கிரவுண்டை, அதான் மைனஸ் கம்பியை, மட்டும் ஒண்டாக்கு" என்றவர், மின்னழுத்தம் சட்டென்று விழாமல் தாங்கும் 1000 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றையும் தன் கையாலேயே பற்றவைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

தற்காப்புக்கு மின் அதிர்ச்சி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். "சின்னப் பிள்ளை ஒண்டு தொட்டால் என்ன செய்வாய்?" என்று என் ஆசிரியர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். இப்போது யாராவது ரோபோவைத் தூக்கினாலோ சரித்தாலோ அசைவையும் சரிவையும் அளக்கும் எம்பியூ6050 உணரி அதைக் கண்டுகொள்ளும். சைரன் அலறும், வெள்ளை விளக்கு வெட்டி மின்னும், படம் தொலைபேசிக்கு வந்துவிடும். காவலுக்கு அது போதும்.

காவலாளி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! கொங்கிரீட் தூணுக்குப் பின்னால் வைஃபை அறுந்தபோது, கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு ரோபோ சரிவில் ஓடியது. நீங்கள் செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு நிறுத்தினீர்கள். அன்றிரவே நிரலை மாற்றினேன். இப்போது அரை விநாடி கட்டளை வராவிட்டால் மோட்டர் தானாக நின்றுவிடும்.

சைரன் சோதனைகளைப் பொறுத்துக்கொண்ட மூன்றாம் மாடி அன்ரிக்கும், நடுச்சாமத்தில் தேத்தண்ணியோடு படியிறங்கி வந்த அம்மாவுக்கும் என் அன்பு.

ஐயா, சார்ஜரை உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தால் ரோபோ தயார்.